சுந்தரம்மாளின் தீர்ப்பு

டெலிவிஷனில் யாராவது கீழே விழுந்தால் சுந்தரம்மாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். மாடியிலிருந்து விழட்டும், மாட்டுவண்டியிலிருந்து விழட்டும், விழுந்தவன் எழுந்திருக்கும் வரை அவள் உதடு அசைந்துகொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்துவிட்டால் ஒரு பெருமூச்சு. ஐந்தைத் தாண்டிவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே நெளிவாள். பக்கத்தில் இருப்பவர்கள் கதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சங்கரன்கோவிலில் சங்கரசுப்பு முதலாளியின் தறி செட்டில், நாடாவுக்குள் போகிற தார்க்குச்சிகளில் நூல் சுற்றுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க நூலோடு உட்கார்ந்து, தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்து, ஐம்பது வயதுக்காரி அறுபதாகத் தெரிவாள். கொடைக்கானலில் டெலிவிஷன் கோபுரம் வந்து மெட்ராஸ் நிகழ்ச்சிகள் தெளிவாக விழ ஆரம்பித்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டு ஹாலில் தெருவே உட்கார்ந்திருக்கும். கதவோரம் சுந்தரம்மாளின் இடம். அவளை ஒட்டி, அதே செட்டில் வேலை பார்க்கும் ஆமினாள்.

விருது விழா என்றால் சுந்தரம்மாள் இல்லாமல் களை கட்டாது. மேடையில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் அவள் ஒரு தீர்ப்புச் சொல்லுவாள். அழுது நடித்தவளுக்குப் பரிசு என்றால் உதட்டைப் பிதுக்குவாள். "அழுகைக்கு என்ன, கண்ணுல எதையாச்சும் ஊத்திக்கிடுவாவ. அந்தப் படத்துல ஒரு பொம்பள கொதிக்கிற பானைய வெறுங்கையால எறக்குனாளே, அவளுக்குல்லா குடுக்கணும்." பாடகருக்குக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கி வருவாள். "பாடுனவனுக்குத் தொண்டை கட்டும், வேற என்ன ஆவும். சரி, வாங்கிட்டுப் போட்டும்." உடம்பில் அடிபட்டதா இல்லையா என்பது ஒன்றுதான் அவளுக்கு அளவுகோல். முதலாளி மனைவி கோமதித்தாய்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவள் மகன் செல்லச்சாமி மெட்ராஸில் சினிமாவுக்கு லைட் பிடிக்கிறான் என்பது தெரு அறிந்த சேதி. அவன் அப்படித்தான் எழுதியிருந்தான். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவன் அப்பன் மூக்காண்டியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். சுந்தரம்மாளும் நம்பினாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் கதாநாயகன் வைக்கோல் போரிலிருந்து உருண்டு விழுகிற வரை. முகம் தெரியவில்லை; முதுகுதான் தெரிந்தது. விழும்போது இடது தோள் மட்டும் காதுவரை ஏறியது. ஒன்பது வயதில் செல்லச்சாமி புளியமரத்திலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகக் கூடிய தோள் அது. எண்ணெய் போட்டு நீவிவிட்டவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் சொல்லிவிட்டால் அன்றே ஏதாவது நடந்துவிடும் என்று ஒரு பயம். மகனுக்குப் போட்ட கடிதத்திலும் கேட்கவில்லை. எண்ண ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

அந்த வருஷம் விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முகமே சரியாக இல்லை. மாதம் தவறாமல் வருகிற கடிதம் இரண்டு மாதமாக வரவில்லை. கடைசியாக வந்ததை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். ஆமினாள் இரண்டு முறை தோளில் இடித்தும் தீர்ப்பு எதுவும் வெளியே வரவில்லை.

சிறந்த நடிகர் பெயரைச் சொன்னார்கள். ஹாலில் பாதிப் பேர் கை தட்டினார்கள். நாயகன் மேடை ஏறுவதற்கு முன்னால் படத்திலிருந்து ஒரு காட்சி போட்டார்கள். கூட்ஸ் வண்டியின் மேல் ஒருவன் ஓடுகிறான். பாலத்தின் நடுவில் வண்டி வரும்போது ஆற்றை நோக்கிக் குதிக்கிறான். காற்றில் இடது தோள் ஏறியது. தண்ணீர் சிதறியது. ஒன்று, இரண்டு. காட்சி அறுந்து, மேடை வந்துவிட்டது. நாயகன் கலையாத தலையோடு சிரித்துக்கொண்டு கேடயத்தை வாங்கினான்.

"யக்கா, இவனுக்குக் குடுத்தது சரிதானா?" என்றாள் ஆமினாள்.

"ஏட்டி, எந்திரிச்சானா?"

"யாரு?"

"குதிச்சவன்."

"அதான் மேடையில நிக்கானே."

"அது இவன் இல்ல. குதிச்சது எம் மவன்."

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் சுந்தரம்மாளுக்கு உறைத்தது. கோமதித்தாய் மெதுவாகக் கேட்டாள்: "லைட்டு பிடிக்கான்னுல்லா சொன்னிய?"

"அவன் அப்படித்தான் எழுதினான் தாயி. பெத்தவளுக்கு முதுகு தெரியாதா?"

சங்கரசுப்பு எழுந்து வந்தார். "சுந்தரம்மா, அந்தப் படம் போன வருசம் எடுத்தது. அதுக்கப்புறம் ஒனக்கு எத்தன கடுதாசி வந்திருக்கு. பயப்படாத."

அவள் யோசித்தாள். ஆமாம், வந்திருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அதன் பின்னால் நின்றது.

"அப்பம் அதுக்கப்புறம் எத்தன எடத்துல குதிச்சானோ மொதலாளி. ரெண்டு மாசமா ஒண்ணும் வரலியே."

அவள் இடுப்பிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். வடபழனியில் அவன் தங்கியிருக்கும் மேன்சனின் போன் நம்பர் அதன் அடியில் இருந்தது. சங்கரசுப்பு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு லைட்னிங் கால் கேட்டார். "உடனே போடுங்க. அவசரம்."

காத்திருந்த நேரத்தில் விழா நின்றுவிடவில்லை. யார் யாரோ ஏறினார்கள், வாங்கினார்கள், கும்பிட்டார்கள். கோமதித்தாய் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். கும்பிடுகிற ஒவ்வொரு கையையும் சுந்தரம்மாள் பார்த்தாள்; எல்லாம் முழுசாக இருந்தன. போன் வந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைக்காமல் இருக்க முயன்றாள். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்பார்களா? ஆஸ்பத்திரி பெயரைச் சொல்வார்களா? அந்தப் பெயரை யாரிடம் எழுதி வாங்குவது? ஆமினாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சங்கரசுப்புதான் எடுத்தார். "செல்லச்சாமின்னு ஒரு பையன். சங்கரன்கோவில். ஆமா, சினிமாதான்." பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். அவர் முகத்தையே ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ரிசீவரை அவளிடம் நீட்டினார். "ஒம் மவந்தான். பேசு."

அவள் போய் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கமும் கைதட்டல் கேட்டது. அங்கேயும் எல்லோரும் கீழ் ஹாலில் உட்கார்ந்து இதே விழாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்மா."

"ஏலே, ஏன் கடுதாசி போடல?"

"வலது கையில கட்டும்மா. மணிக்கட்டு ஒடிஞ்சிட்டு. இன்னொருத்தன வச்சி எழுதுனா நீ பயந்துருவன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் பிரிச்சிருவாவ."

"எங்கன இருந்து விழுந்த?"

"அப்பம் ஒனக்குத் தெரியுமா?"

அவனே தொடர்ந்தான். குரலில் பயம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "இது வேற படத்துல, மாடிப்படியில. அத விடும்மா. இப்பம் போட்டாவளே, பாலத்துச் சீனு, அது நாந்தான். ரெண்டாவது டேக் கேக்கல, ஒரே தடவதான். ஸ்டண்ட் மாஸ்டரே வந்து கையைக் குடுத்தாரு. நீ பாத்தியா? நல்லா இருந்துச்சாம்மா?"

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தீர்ப்புச் சொன்னவளுக்கு நாக்கு எழவில்லை. நல்லா இருந்தது என்றால் அடுத்த தடவை இன்னும் உயரமான இடத்தில் ஏறுவான். நல்லா இல்லை என்றால், நல்லா வரட்டும் என்று ஏறுவான்.

"எம்மா, இருக்கியா? சொல்லு."

சுந்தரம்மாள் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். ஆமினாள் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் குதிச்சான்" என்றாள். அந்தப் பக்கம் அவன் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் கையை எடுக்கவில்லை.