குறை சொல்ல முடியாத வருடம்

பிரான்சின் பர்கண்டியில் சிவப்பு ஒயின் செய்யும் ஃபிர்மேனுக்கு வானிலை ஒருபோதும் ஒத்துழைத்ததில்லை. ஒயின் புளித்த வருடம் மழை குற்றவாளி. கசந்த வருடம் வெயில். போன வருடம் மட்டும் இரண்டும் அளவாக வந்து தொலைத்தன. ஊரெங்கும் திராட்சை தேனாய்ப் பழுத்தது.

இந்த வருட வசந்தத்தில் வியாபாரி லம்பேர் புது ஒயினை ருசிபார்க்க நிலவறைக்கு வந்தார். பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்ததைக் கொப்பளித்துத் துப்பினார்.

"என்னய்யா ஃபிர்மேன், ஊர்ல எல்லா பீப்பாயும் பாடுது, உன்னோடது மட்டும் ஏன் அழுவுது?"

ஃபிர்மேன் வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"வானத்தைத் திட்டேன், பாப்போம்" என்றாள் மனைவி ஒதீல். லம்பேர் ஒரு பீப்பாய்கூட வாங்காமல் போனார்.

மறுவாரம் உறைபனி விழுந்து கொடிகளின் இளந்தளிரையெல்லாம் கருக்கியது. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஃபிர்மேன் தன் தோட்டத்தில் கருகிய தளிர் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு, பல நாள் கழித்து முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தார்.

"அடுத்த வருஷம் அந்தாளு கேக்கட்டும், இதைக் காட்றேன்."

"காட்டு" என்றாள் ஒதீல். "ரொட்டிக் கடைக்காரன் பாக்கியைக் கேட்டாலும் அதையே காட்டு."