கறுப்புக் குடையோடு நின்ற ஆள்

போன வாரம் போடி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"கறுப்புக் குடை அண்ணே... ஓ கறுப்புக் குடை அண்ணே!"

அன்று வானம் வெள்ளை வெளேரென்று இருந்தது. என் கையில் குடை இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் கையிலும் இல்லை. இருந்தும் நான்தான் திரும்பினேன். பக்கத்திலிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க மாட்டாரா பின்னே?

கூப்பிட்டவர் மரகதம். என்னோடு இங்கிலீஷ் பரீட்சை எழுதியவர். குடை இல்லாதவனுக்குக் குடைப்பேர் வந்த கதையை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் நான் கிளார்க். மரகதம் அதே தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி - எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் பாக்கி. ஊர்ப்பட்ட தமிழ்ப் புத்தகம் படித்து என்ன பிரயோஜனம்? இங்கிலீஷ் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு அது கௌரவப் பிரச்னை. மரகதத்துக்கு அப்படியல்ல. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற காப்பகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருக்க வேண்டும். "தை மாசம் வரைக்கும் பொறுத்துக்கிறேன், அப்புறம் கீழேருந்து ஆள் போட்டுருவேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாஸ் செய்தால் கூரைக்குக் கீழே வேலை. இல்லையென்றால் மழையும் அட்டைக்கடியும் ஆயுசுக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு இறங்குகிற ஜீப்பில் நாங்களும் இறங்குவோம். ஏலக்காய் குடோன் மாடியில் டுடோரியல். வாசனைக்குக் குறைவில்லை. பாடம்தான் ஏறவில்லை.

எங்களை மடக்கியது ப்ரெபொசிஷனல் ப்ரேஸ். இன், ஆன், வித், அண்டர் என்று ஒரு குட்டிச் சொல்லில் தொடங்கும் ஒரு துண்டு. அது ஆளோடு ஒட்டினால் எந்த ஆள் என்று சொல்லும். செயலோடு ஒட்டினால் எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று சொல்லும். வாத்தியார் இதையே மாதக்கணக்காகச் சொன்னார். உதாரணம் எப்போதும் ஒன்றுதான் - த புக் ஆன் த டேபிள்.

"மேசை மேல புஸ்தகம் இருக்குன்னு சொல்றதுக்கு இம்புட்டுச் சோலியாண்ணே?" என்றார் மரகதம்.

எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் மேசையும் கிடையாது. மேசை இல்லாத ஊரில் மேசை மேல் எதை வைப்பது?

ஆனால் எங்களுக்கு ஜீப் இருந்தது.

மலைக்குப் போகிற ஜீப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சீட்டில், சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னி மேல், மூட்டைக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில்... எங்கெல்லாம் மனிதன் இருக்க முடியுமோ அங்கெல்லாம் இருப்பான். புரட்டாசிக் கடைசி ஞாயிறு, திரும்பி ஏறுகிற ஜீப்பில் மரகதம் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். (ஐப்பசி முதல் ஞாயிறு என்று இன்றும் சாதிக்கிறார். ஜீப்பில் அன்றைக்குக் கருவாட்டு வாசனை இல்லை. ஆகவே புரட்டாசிதான்.)

"த வுமன் வித் த பாஸ்கெட்" என்றார், கூடைக்காரம்மாவைக் காட்டி. நாம் கூடையைச் சொல்லிவிட்டு ஆளைச் சொல்வோம். இங்கிலீஷ்காரன் ஆளை முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் கையில் கூடையைக் கொடுக்கிறான். அவ்வளவுதானே!

"ஏத்தா, எனக்கு என்ன?" என்று ஸ்டெப்னி மேலிருந்தவர் கேட்டார். கம்பியில் தொங்கியவர் கேட்டார். மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் ஜீப் முழுக்க இங்கிலீஷ் பேர். கோயிலில் சுண்டல் கொடுப்பதுபோல ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள்.

எனக்குக் கிடைத்தது, த மேன் வித் த பிளாக் அம்ப்ரெல்லா. உண்மையில் குடை, தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற அழகர்சாமிக் கங்காணியுடையது. சட்டைக் காலருக்குப் பின்னால் மாட்டியிருப்பார். அன்று மாட்ட இடமில்லாமல் என்னிடம் பிடிக்கக் கொடுத்திருந்தார்.

ஏன் இடமில்லை? டிரைவருக்குப் பக்கத்து சீட் கங்காணிக்கு என்பது எங்கள் மலையில் எழுதாத சட்டம். கையெழுத்து போடத் தெரிந்த நான்கூடப் பின்னால்தான். அன்று முன்னால் ஏற்கெனவே நெருக்கியடித்திருக்க, நிறைமாதமாக இருந்த காய் எடுக்கிற தங்கம் ஏறவே, கங்காணி தானாகவே இறங்கி அந்த சீட்டைக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து எங்கள் கால்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம் உற்சாகத்தில் இருந்தார். யோசிக்கவில்லை.

"த மேன் ஆன் த ப்ளோர்!"

"தரையில இருக்குற ஆளாம்ணே" என்று ஒருத்தர் மொழிபெயர்த்தார். ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மரகதம் பரீட்சைக்கு லீவு கேட்டுக் கங்காணியிடம் போனார்.

"காய் முத்தி நிக்கிது. எடுக்க ஆளில்ல. லீவு கெடையாது."

"ஒரே ஒரு நாளுண்ணே..."

"தரையில இருக்குற ஆளுகிட்ட எதுக்குத்தா லீவு கேக்குற? டிரைவர் பக்கத்துல இருக்குறவன் எவனோ, அவன்கிட்டப் போயிக் கேளு."

சொல்லாமல் போனால் வேலைப் பதிவில் பேரை வெட்டிவிடுவார். போகாவிட்டால் அடுத்த பரீட்சை சித்திரை வாக்கில். மேனேஜர் பொறுப்பது தை வரைக்கும்தான்.

"நான் அவர கேவலமாச் சொல்லலையேண்ணே. அவரு செஞ்சது நல்ல காரியம்தான?" என்றார் மரகதம். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஒரு நாள் உட்கார்ந்த இடம் ஆயுசுக்கும் பேராகிவிடுமோ என்ற பயம் யாருக்குத்தான் இல்லை? கங்காணி தரையில் உட்கார்ந்தது நல்ல மனசில். ஆனால் சிரிப்புக்கு அதெல்லாம் தெரியுமா?

அடுத்த ஞாயிறு போடி ஜீப் ஸ்டாண்டில் ஒரு கூத்து. வழக்கத்தைவிடக் கூட்டம். அத்தனை பேரும் பின்னால். மடியில் மடி, மூட்டை மேல் மூட்டை. முன்சீட் மட்டும் காலி! கங்காணியோடு இன்னும் ரெண்டு பேர் நெருக்கி உட்காருகிற சீட் அது. முன்னால் யாரும் ஏற வேண்டாமென்று மரகதம் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சியிருந்தார். டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை.

கங்காணி காலரில் குடையோடு வந்தார். பார்த்தார்.

"முன்னால என்ன, சாமியா வருது?"

"நீங்கதாண்ணே வரணும்" என்று மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மரகதத்தின் குரல். ஆள் தெரியவில்லை.

"கிறுக்குப் பய மக்கா... பின்னாடி மூச்சு முட்டிச் செத்துக் கித்துப் போனா யாரு பதில் சொல்றது? வாங்க, ரெண்டு பேரு முன்னால."

ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது கொண்டைஊசி வளைவு வரைக்கும் முகத்தை விறைப்பாகத்தான் வைத்திருந்தார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்:

"ஏத்தா, இப்ப நான் என்ன ஆளு?"

"த மேன் பிசைட் த டிரைவர்."

வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"பரீட்ச என்னிக்கி?"

"வியாழக்கெழமண்ணே."

"மொத ஜீப்புல வெரசாப் போயிரு. ஆனா மறுநாளே காய் எடுக்க வந்துரணும்."

வியாழக்கிழமை நல்ல மழை. முதல் ஜீப்பில் நிற்கக்கூட இடமில்லை. முன்னால் கங்காணி, சாமான் எடுக்கப் போடிக்கு இறங்குகிறார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஹால் டிக்கெட்டோடு மரகதம் நனைந்துகொண்டு நின்றார். கங்காணி இறங்கினார்.

"முன்னால ஏறு. பின்னாடி நசுங்கி எழுதுற கைய ஒடிச்சிக்கிறாத."

பின்னால் வந்தார். இடம் தேடினார். எங்கள் கால்களுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்தார். குடையை என்னிடம் நீட்டினார்.

"ஏத்தா மரகதம், இன்னிக்கி நான் தரையில உக்கார்றேன். அதுக்காகப் பேர மாத்திப்புடாத."

"மாத்த மாட்டேண்ணே. உக்கார்றதுதான் தரையில. ஆளு எப்பவும் டிரைவர் பக்கத்துல" என்றார் மரகதம்.

கங்காணி முதலில் சிரித்தார். அப்புறம்தான் மற்றவர்கள் துணிந்தார்கள்.

பரீட்சையில் 'ஒரு பயணம்' பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். மரகதம் ஜீப்பில் இருந்த ஒருவரையும் விடவில்லையாம். பாஸ். நானும்தான் - பார்டர் மார்க்கில்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்த்து எட்டு வருஷம் இருக்கும். காப்பகம் இன்னும் அவர் பொறுப்பில்தான். கங்காணி ஓய்வு பெற்று ராசிங்காபுரத்தில் தோட்டம் பார்க்கிறாராம்.

"உங்களப் பத்திப் பேச்சு வந்துச்சுண்ணே. அவருக்கு ஒங்க மேல ஒரு கோவம்தான்."

"என் மேலயா? நான் என்ன பண்ணேன்?"

"'கொட என்னுது, பேரு மட்டும் அவனுக்கா'ங்கிறாரு."