தெருவில் தூவிய மருந்து

சாலையின் இருபுறமும் வெள்ளைக் கோடாகத் தூவிக் கிடந்த அந்தப் பொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அறுபதுகளின் தொடக்கம். கீரமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருவுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். மந்திரி வருகிறார் என்றதும், தொட்டித் தண்ணீரில் கலக்க வந்திருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகளையெல்லாம் பிரித்து, அவர் கார் வரும் வழி நெடுகத் தூவச் சொன்னார் பஞ்சாயத்து அதிகாரி. ஊர் பளிச்சென்று இருந்தது. மந்திரியும் பாராட்டிவிட்டுப் போனார்.

தொட்டிக்குப் போட மருந்து இல்லை. தண்ணீர் திறந்துவிடும் வாட்டர்மேன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "அடுத்த லோடு வரும், போய்யா" என்பதுதான் பதில். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் கலங்கி, வாடையோடு வந்தது. எங்களுக்கு வேறு தண்ணீர் ஏது? துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

முதலில் தெருக்கோடியில் சிலருக்கு வாந்திபேதி கண்டது. அடுத்து எங்கள் வீடு. என் அண்ணன் மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த குழந்தை. ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே மதினியின் மடியில் அடங்கிவிட்டாள். தாகம், தாகம் என்று அரற்றியவளுக்கு அந்தத் தண்ணீரைத்தான் மதினி வழியெல்லாம் புகட்டிக்கொண்டு வந்தார். பெற்றவள் கையாலேயே அதைக் கொடுக்க வைத்தார்களே, அதை நான் எப்படி மன்னிப்பேன்?

மதினி அதிர்ந்து பேசாதவர். காரியம் முடிந்த மறுநாள் நேரே அலுவலகம் போனார். நாத்தனாரான நானும் கூடப் போனேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குளத்துத் தண்ணியக் குடிக்க விட்டிருப்பீங்க. குழாய்த் தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா."

"அப்ப தொட்டி மூடியத் தொறந்து காட்டுங்க" என்றார் மதினி.

அவர் மறுத்தார். மதினி போய்த் தொட்டியின் ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வந்து சேர்ந்தார்கள். போலீஸ் வரும் என்று அலுவலகத்து ஆட்கள் மிரட்டினார்கள். "வரட்டுங்க, அவுகளும் ஏறிப் பாக்கட்டும்" என்றார் மதினி. பொழுது சாய்வதற்குள் மூடியைத் திறக்க வேண்டியதாயிற்று. அடியில் சகதி. சகதிக்குள் அழுகிப்போன காக்கை.

தொட்டி கழுவப்பட்டது. வரவே வராது என்றிருந்த மருந்து உடனே வந்தது. வேலை போனது யாருக்கு? கெஞ்சிக் கெஞ்சி மருந்து கேட்ட வாட்டர்மேனுக்கு. அதிகாரிக்குக் கிடைத்தது பெரிய ஊருக்கு மாற்றல், கூடவே ஒரு வழியனுப்பு விழா.

அந்த விழாவில் அவர், இந்த ஊர் ஜனங்களைத் தன் குடும்பமாக நினைத்ததாகப் பேசினார். கூட்டத்திலிருந்து மதினி எழுந்தார்.

"எம் மகளும் ஒங்க குடும்பந்தானுங்களே. அவ பேரு என்னன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். "உக்காரும்மா" என்று யாரோ அதட்டினார்கள். அதிகாரி கழுத்தில் மாலை விழுந்தது, கைகூடத் தட்டினார்கள். மதினி உட்காரவில்லை. கார் கிளம்பிப் போகும்வரை, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.