கையைப் பழக்கும் துவக்கு

என் மகளுக்குப் பதினேழு வயது. கனடா இராணுவத்தின் பகுதிநேரப் படையில் சேரப் போகிறேன் என்று நிற்கிறாள். பதினெட்டு ஆகாததால் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். அந்தத் தாள் மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் குசினி மேசையில் மூன்று கிழமையாகக் கிடந்தது. மனைவி, "நீங்களே பாருங்கோ" என்று கழன்றுகொண்டாள்.

'மாட்டேன்' என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைக்கக்கூடாது என்றேன். அடுத்த நாள் அட்டமி. அதற்கடுத்த நாள் நவமி. பிறகு மரணயோகம். கோயிலுக்கே ஆண்டுக்கு ஒருமுறை போகிற ஆள் நான்!

அவள் கோபிக்கவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா, பேந்து முடிவெடுங்கோ" என்று, தான் சுடப் பழகும் கிளப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனாள். செயின்ட்-மிஷேல் பக்கம், ஒரு நிலக்கீழ் மண்டபம். அங்கே ஒரு பிரெஞ்சுக் கிழவர் பூட்டிய பெட்டியிலிருந்து பழைய துவக்கு ஒன்றை எடுத்தார். பிரான்சில் கட்டாய இராணுவ சேவையில் அவர் பழகியது இந்த மாதிரியில்தானாம். அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, புதிய சிப்பாய்களைப் பழக்கவென்று பிறந்த துவக்கு அது. தோற்ற ஜெர்மனியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய தொழிற்சாலையில் தொடங்கிய வேலையாம். பிறகு தங்கள் நாட்டிலேயே செய்தார்களாம். போர்த்துவக்கின் குண்டுக்கு விலை அதிகம். புதியவர்களின் தோளையும் உதைக்கும். ஆகவே குழலின் ஓட்டையைச் சிறிதாக்கி, சுண்டுவிரல் நுனியளவு குண்டுகள் ஐந்துக்கு இடம் வைத்தார்கள். குறி பார்க்கும் துளை, தோளில் வைக்கும் கட்டை, தூக்கிப் பிடிக்கும் விதம் எல்லாம் போர்த்துவக்கு மாதிரியே.

"ஏன் மற்றதெல்லாம் அப்பிடியே விட்டவை?" என்றேன்.

"கை பழகத்தான் அப்பா. பேந்து பெரிசைக் கையில குடுத்தா வித்தியாசம் தெரியக்கூடாது."

என் அக்காவும், ஊரில் சண்டை நடந்த காலத்தில், பதினேழில்தான் இயக்கத்துக்குப் போனாள். அங்கே முதலில் கொடுத்தது கட்டையில் செதுக்கிய துவக்கு. பாரம் சரிவர உள்ளே இரும்பு செருகியிருந்தார்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, "அது வெறுங் கட்டையம்மா, பயப்பிடாதேங்கோ" என்று சிரித்தாள். பிறகு அவள் வரவேயில்லை. அவளைப் பற்றி மகளிடம் நான் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

மகள் ஐந்து குண்டும் சுட்டாள். சின்னச் சத்தம்தான். ஐந்தும் நடுவில் விழுந்தன. கிழவர் கைதட்டினார். பாழாய்ப்போன பெருமை எனக்கும் வந்து தொலைத்தது.

புதன்கிழமை அவள் கைத்தொலைபேசியோடு வந்தாள். "அப்பா, நாளைக்கு வியாழன், அமிர்தயோகம். ஒன்றரைக்கு முதல் வைச்சா ராகுகாலமும் இல்லை. மொன்றியல் நேரத்துக்குத்தான் பார்த்தனான்."

நான் தோண்டிய குழியில் நானே விழுந்தேன். அப்போதாவது அக்காவின் கதையைச் சொல்லியிருக்கலாம். வியாழன் பத்தரைக்குக் கையெழுத்து வைத்தேன். நல்ல காரியமல்லவா, குனிந்து என் காலைத் தொட்டாள். வாய் தன்பாட்டில் "நல்லா இரு பிள்ளை" என்றது.

அக்கா போனபோது எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டார்கள். நான் நல்ல நேரம் பார்த்து அனுப்பிவைத்தேன்.