தோளைப் பற்றி நான் சொன்ன பொய்

சபையில் இருக்கிற எல்லோருக்கும் ஸ்தோத்திரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நீங்கள் கைதட்டுகிற மாதிரியான சாட்சி இல்லை. "நீ எந்திரிச்சு நடக்குறதே பெரிய சாட்சி தேவராஜ், அத மட்டும் சொல்லு. கைய பத்தி இன்னாத்துக்கு?" என்று பாஸ்டர் கேட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்துத்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன். அதனால் முழுசாகச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். ஃபைபர் படகிலிருந்து இன்ஜினைக் கழற்றி இடது தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினேன். மணலில் கால் புதைந்தது. இடுப்பில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. பத்தே நாளில் இடது கால் மரத்துவிட்டது. செருப்பு காலில் இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். கக்கூசுக்குப் போகக்கூட என் மனைவி செல்விதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவமானம் தாங்கவில்லை. ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றுதான் அப்போது ஜெபம் பண்ணினேன்.

பிறகு புத்தி வந்து, நடக்க வையும் என்று கேட்டேன். நீங்களும் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதுகெலும்பு ஒன்று இன்னொன்றின் மேல் நழுவி நரம்பை நசுக்குகிறது, கம்பியும் ஸ்குருவும் போட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றார்கள். செல்வியும் அவள் அண்ணனும் கூட இருந்தார்கள். மச்சானுடைய படகில்தான் எனக்கு வேலை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார். "நாலஞ்சு மணி நேரம் குப்புறப் படுக்க வெச்சுதான் பண்ணுவோம். வயிறு அமுங்காம நெஞ்சுக்கும் இடுப்புக்கும் மெத்தை வைப்போம். ரெண்டு கையையும் தலைக்குப் பக்கத்துல மேல மடிச்சு வைப்போம். மயக்கத்துல வலிச்சா உங்களால சொல்ல முடியாது. அதனால இப்பவே சொல்லுங்க, தோள்ல, கழுத்துல பழைய அடி ஏதாவது இருக்கா?"

இருந்தது. பல வருடத்துக்கு முன்னால், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அலை அடித்தபோது கயிறு வலது கையில் சுற்றி இழுத்து, தோள்பட்டை இறங்கிவிட்டது. வைத்தியர் ஒருவர் ஏற்றிவிட்டார். அதிலிருந்து அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்கினால் விரல் நுனி வரை ஊசி குத்தும். வாராவாரம் செல்விதான் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வலைத் தொழில் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஏரியில் எங்கள் குப்பத்துக்குப் 'பாடு' உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்கிற முறை அது. நம் முறை வருகிற அன்றைக்கு இழுக்கிற கை வேண்டும். கை போனவனை எவன் கூட்டுச் சேர்ப்பான்? எங்கள் ஆட்கள் காய்ச்சல் என்பார்கள், இடுப்பு வலி என்பார்கள், கை வலி என்று மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு மச்சான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். செல்வி வாயைத் திறக்கப் போனாள். நான் கண்ணை உருட்டினேன்.

"ஒன்னும் இல்லீங்க டாக்டரம்மா. வல இழுக்குற கை, இதுக்கு இன்னா ஆவும்?" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கியும் காட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தேன். குப்புறக் கிடந்ததில் முகம் வீங்கியிருந்தது. செல்வி இடது கால் கட்டைவிரலைக் கிள்ளினாள். வலித்தது! அந்த வலியைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. "ஸ்தோத்திரம் சொல்லுங்க, கையத் தூக்குங்க" என்று அவள் அழுதாள். தூக்கினேன். இடது கை மட்டும்தான் மேலே வந்தது.

டாக்டரம்மா ஓடிவந்தார். கையை மேலே வைத்திருந்ததில் தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம் என்றார். பழைய அடி இருந்ததா என்று மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். அதோடு விட்டேனா? "நல்லா இருந்த கைய கெடுத்துட்டீங்களே" என்று வார்டே கேட்கக் கத்தினேன். அவர் முகம் செத்துப்போனது. இன்றைக்கும் ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது.

கால் தேறிவிட்டது. கை பிடிவாதம் பிடித்தது. ஒரு வருடத்தில் பாதிப் பிடி வந்தது, அதோடு நின்றது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் இன்றுவரை மரக்கட்டைதான். வலையில் ஒரு முடிச்சுப் போட முடியாது. செல்வி கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினாள். நான் வீட்டில் உட்கார்ந்து அவளையே திட்டினேன். "நீயாவது அன்னிக்கு சொல்லியிருக்கலாமே!" என்றேன். "நீங்க கண்ண உருட்டுனீங்க, நான் வாய மூடிக்கினேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்குது, போதுமா?" என்றாள். இரண்டு வருடம் நான் ஜெபிக்கவில்லை. கால் கேட்டால் கையைப் பிடுங்குகிற ஆண்டவரோடு எனக்கு என்ன பேச்சு என்று இருந்தேன். நீங்கள் இங்கே சாட்சி சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் வருடம் முதுகில் வலி திரும்பியது. எலும்பு ஒட்டவில்லை, ஸ்குரு ஆடுகிறது, திரும்பவும் திறக்க வேண்டும் என்றார்கள். திரும்பவும் குப்புற, திரும்பவும் அதே கை. மிச்சமிருக்கிற பிடியும் போய்விட்டால் சோற்றைக்கூட ஒருத்தர் ஊட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, காலும் கேக்கல, கையும் கேக்கல. என் வாயத் தொறந்து வுடும்" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் பண்ணிய ஜெபம் அவ்வளவுதான்.

வந்தது அதே டாக்டரம்மா. அதே கேள்வி. மச்சானும் அதே கட்டில் ஓரத்தில். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, சொல்லிவிட்டேன். கயிறு, தோள், இரண்டு தடவை சொன்ன பொய், எல்லாம்.

அவர் திட்டவில்லை. முழித்திருக்கும்போதே என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். வலது கையை மெல்ல மெல்ல நகர்த்தி, எங்கே ஊசி குத்துகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். "இந்தக் கைய மேல கொண்டுபோக வேண்டாம், உடம்போட ஒட்டி கீழயே வெச்சுக்கலாம். அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கும் அப்படித்தான் வெச்சிருப்பேன்" என்றார். நாலு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் போனதும் மச்சான் சொன்னார்: "இத சொல்றதுக்கா மாப்ள இத்தினி வருஷம்? எனக்கு எப்பவோ தெரியும். குப்பத்துக்கே தெரியும். உன்ன எப்பவும் எடது கை இழுக்குற பக்கமாவே நிக்க வெச்சனே, எதுக்குன்னு நெனச்ச?"

"அப்ப அன்னிக்கு ஏன் மச்சான் டாக்டராண்ட சொல்லல?"

"நீயே மறைக்கிற. நான் சொன்னா உன் மானம் போவும்னு கம்முனு இருந்துட்டேன்."

மூன்று பேர் சேர்ந்து வாயை மூடிக் காப்பாற்றிய மானம் இது. நன்றாகப் பாருங்கள், இரண்டு விரல் மரக்கட்டை.

இரண்டாவது தடவை கண் விழித்ததும் முதலில் கையைத்தான் அசைத்தேன். இருந்த பிடி அப்படியே இருந்தது. அடுத்த வருடம் எலும்பும் ஒட்டிவிட்டது. இப்போது கோட்டைக்குப்பம் வரை நடந்து போய் வருகிறேன். பாடு வருகிற நாளில் என் இடத்தில் வேறு ஆள் இழுக்கிறான், நான் கரையில் மீனைப் பிரிக்கிறேன். ஆண்டவர் கையைத் திருப்பித் தரவில்லை. நான் கேட்டது வாயை. அதைத் தந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. கசப்பு போய்விட்டதா என்றால், போகவில்லை. அதையும் மறைக்காமல் அவரிடமே சொல்லுகிறேன்.

உங்களில் யாராவது நாளைக்கு அப்படி ஒரு மேசையில் படுக்க நேர்ந்தால், ஆண்டவரை நம்புங்கள். நம்பி, டாக்டர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள். எவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள். இப்போது எல்லோரும் கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லப் போகிறோம். எனக்கு ஒரு கைதான் மேலே வரும். செல்வி, என் இன்னொரு கையை நீ பிடித்துக்கொள்.