கொடும்பாவியின் ஓலைத்தொப்பி

எந்த நெல் வறட்சி தாங்கும் என்று பார்ப்பதுதான் அந்த வருஷம் என் வேலை. பாளையங்கோட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லும்போது அது கௌரவமாகத்தான் இருந்தது. ராதாபுரத்துக்குத் தெற்கே, பனைகளுக்கு நடுவே வயலில் நின்று செய்வது வேறு. பல ரகங்களைப் பாத்தி பாத்தியாக நட்டு, ஊட்டி வளர்த்து, கதிர் இன்னும் வயிற்றில் இருக்கும் சூல் பருவத்தில் தண்ணீரை நிறுத்துவோம். பிறகு உச்சிவெயிலில் போய் எந்த இலை எவ்வளவு சுருண்டிருக்கிறது என்று பார்ப்பேன். சூல் பயிரை வாடவிடுவது அந்த ஊரில் பாவம்.

வயல் அங்குள்ள அண்ணாச்சி ஒருவருடையது. பாதியையும் கிணற்றையும் எங்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குளத்தை நம்பி மறுபாதியில் அவரும் நெல் போட்டிருந்தார். அவர் பக்கம் பாய்ச்சினால் எங்கள் பாத்திக்குக் கசியும் என்பதால், சோதனை முடியும்வரை மோட்டார் போடக்கூடாது என்று பேச்சு. மழை ஏமாற்றியது. குளத்து மண் பாளம் பாளமாக வெடித்தது. கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது.

“ஒரே ஒரு தடவ நனைச்சிக்கிடுதேம்மா. கதிர் வெளிய வந்துரும். விதைநெல்லாவது தேறும்” என்றார்.

“மேல கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றேன்.

கேட்டேன். பருவம் முழுக்கப் பட்ட பாடு பாழாகிவிடும் என்றார் அதிகாரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கொடுக்கவில்லை. அண்ணாச்சியிடம் வந்து சொன்னேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “சரிம்மா, பேச்சுன்னா பேச்சுதான” என்றார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாததில் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் மோட்டார் அறையில் மாட்டியிருந்த என் ஓலைத்தொப்பி காணாமல் போனது. அறையின் சாவி என்னிடமும் அவரிடமும் மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஊரில் கொடும்பாவி இழுத்தார்கள். மழையைத் தடுத்த பாவி என்று வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் எரிப்பார்கள். எரித்தால் மழை வருமாம். நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடித்தபடி வந்த பெண்கள் எங்கள் வயலுக்கு எதிரே நின்றுவிட்டார்கள். ஒப்பாரி ஓங்கியது. உருவத்தின் தலையில் என் தொப்பி இருந்தது.

அந்தப் பக்கத்தில் தொப்பி போட்டு வயலில் நிற்பவள் நான் ஒருத்திதான். வரப்பை விட்டிறங்கி மோட்டார் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவமானம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை, பயம்தான்.

மறுநாள் அண்ணாச்சி, இனித் தேறாது என்று, தன் பயிரை மேய மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார். வெறுந்தலையோடு நின்ற என்னைப் பார்த்துத் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

“தலையில போட்டுக்கிடும்மா. வெயிலு மண்டையப் பொளக்கு.”

துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு இலைகளைப் பார்க்கப் போனேன்.

எங்கள் பாத்திகளில் ஒரு ரகம் தாங்கியது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். அடுத்த பருவத்துக்கு அந்த விதையில் ஒரு பையை நானே அண்ணாச்சிக்குக் கொண்டுபோனேன். ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்து, நல்ல நெல் என்றார். பிறகு கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டார்.

“இதுக்காவது தண்ணி விடலாமாம்மா?”