பலூனுக்கு இடம் விடாத எட்டுப் பக்கங்கள்

படத்துக்கு மை போடும் இண்டியன் இங்க் வாசனை அம்மாவுக்கு ஆகவே ஆகாது. மூடியைத் திறந்தாலே, "வீடு பூரா எலி செத்த நாத்தம்" என்பாள். எனக்கோ அந்த வாசனை வந்தால்தான் பொழுதே விடியும்.

அப்போது மைசூரு விஜயநகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் தயார் செய்யும் வேலை எனக்கு. யாரும் போயிராத பனிமலைக்கு முன்னால் மணமக்களை வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் காமிக்ஸ் வரைவேன்.

பெங்களூரில் ஒரு பதிப்பகத்துக்கு மாதிரிப் படங்கள் அனுப்பி அனுப்பி, ஒரு நாள் எடிட்டரே கூப்பிட்டுவிட்டார். எட்டுப் பக்கக் கதை. மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு வரும் ஒருவரிடம், பூஜை சாமான் விற்கும் கடைக்கார அம்மா சொல்லும் கதை. "இது டெஸ்ட்தான். சரியா வந்தா தொடர்ந்து வேலை. இல்லேன்னா வேற ஆர்ட்டிஸ்டுக்குப் போயிடும்" என்றார்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்... பக்கங்களைக் கூரியரில் போட்ட அன்றே ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டேன்!

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இருக்கற வேலையையும் உட்டுப்போட்டு பொம்ம வரையப் போறாளாமா. நாளைக்கு ஆரு சோறு போடுவாங்க?"

என் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுக்குப் பூர்வீகம் மலைக்குப் போகிற வழியில் ஹனூர் பக்கம். அந்த மலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. இருந்தாலும் கொள்ளேகாலில் பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து ஸ்கெட்ச் எடுத்து வந்தேன். எந்தக் கடை எந்தப் பக்கம், எந்தப் படி உடைந்திருக்கிறது, எல்லாம் அச்சு அசல். வானத்தைக்கூட விட்டு வைக்கவில்லை. கிளை, இலை, குரங்கு என்று நிரப்பித் தள்ளினேன்.

புதன்கிழமை போன் வந்தது.

"ஏனுங்க மேடம், நான் நாகராஜுங்க, லெட்டரிங் பண்றவன், படத்துல பேச்ச எழுதறவன். பக்கமெல்லாம் வந்துருச்சு. படம் சக்கத்தா, ரொம்ப நல்லா இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்... பேச்ச எங்கீங்க வெக்கறது?"

முதலில் எனக்குப் புரியவே இல்லை. பொறுமையாக விளக்கினார். பேச்சு பலூன் வைக்க எந்தக் கட்டத்திலும் ஒரு விரல் இடம் இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு, கதையில் முதலில் பேசுகிறவள் கடைக்கார அம்மா. அவளை நான் எல்லாக் கட்டத்திலும் வலது பக்கம் உட்கார வைத்திருந்தேன். இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள் பதிலை முதலிலும் கேள்வியை அப்புறமும் படிப்பார்கள்.

"அந்தக் கடை நெசமாவே வலது பக்கந்தானுங்க இருக்குது" என்றேன், அழாத குறையாக.

"எனக்குந் தெரியுமுங்க, நானும் கொள்ளேகால்தான். படிக்கறவங்களுக்கு என்னங்க தெரியும்?"

"எடிட்டர் பாத்துட்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்க. திங்கக்கெழம காலைல வர்ற மாதிரி பஸ் பார்சல்ல போடுங்க. நானே வந்து எடுத்துக்கறேன். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எட்டுப் பக்கத்துக்கு நாலே நாள்!

நல்ல வேளை, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். அதை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, மேலே புதுத் தாள் வைத்து வெயில் வெளிச்சத்தில் அப்படியே வரைந்தேன். கடை இடது பக்கம் வந்துவிட்டது. குரங்குகளை விரட்டி வானத்தைக் காலி செய்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று பக்கம் முடிந்தபோது காபியோடு வந்த அம்மா, படத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"ஏம்புள்ள, திருநீற எடது கைலயா குடுப்பாங்க? முந்தான வேற வலத் தோள்ல கெடக்குது. ஆரு கட்டி உட்ட சீல இது?"

திருப்பிப் போட்டதில் மலையில் இருந்த அத்தனை பேரும் இடது கைக்காரர்களாகியிருந்தார்கள்! அப்படியே அச்சில் போயிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

அதற்கப்புறம் அம்மா என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, திருநீறு கொடுக்கிற மாதிரி வலது கையை நீட்டிக்கொண்டு. "கை மரத்துப் போச்சு, சுருக்கா வரைஞ்சு தொலை" என்று திட்டுவாள், ஆனால் எழுந்து போக மாட்டாள். மூன்று நாளும் ஹோட்டல் இட்லிதான்.

பார்சல் போனது. அந்த வாரமே எடிட்டர் கூப்பிட்டு அடுத்த கதையைக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை வேலை நிற்கவில்லை.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் என் புதுப் புத்தக வெளியீட்டில் அதே எடிட்டர் மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். "இவங்களோட முதல் பக்கங்கள் கூரியர்ல தொலைஞ்சு போச்சு. எங்க நாகராஜ்தான் தேடிக் கண்டுபிடிச்சான். அவன் சரியா ஃபாலோ பண்ணலைன்னு எங்கிட்ட செம திட்டு வேற வாங்கினான். இன்னும் ஒரு நாள் போயிருந்தா வேற ஆளுக்குக் கொடுத்திருப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பக்கங்கள் எங்கேயும் தொலையவில்லை. அத்தனை நாளும் நாகராஜின் மேசை டிராயருக்குள் இருந்திருக்கின்றன. எனக்கு நாலு நாள் கிடைக்கட்டும் என்று பொய் சொல்லி, அந்தத் திட்டையும் எனக்காக வாங்கியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

இப்போது டேப்லெட்டில் வரைகிறேன். ஒரு தட்டு தட்டினால் படம் திரும்பிக்கொள்ளும். தப்பு இருந்தால் எடிட்டரே ஃபைலில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிவிடுகிறார். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் நாகராஜ் மாதிரி ஒரு ஆள் இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

புத்தக வெளியீட்டுக்கு மறுநாளே நாகராஜைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். கொள்ளேகாலில் பேனர் கடை வைத்திருக்கிறார். எடிட்டர் மேடையில் பேசியதைச் சொல்லி, நன்றி சொன்னேன்.

"கூரியர் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னனுங்களா? உங்களுக்காகவா? அப்படி ஏழெட்டுப் பேருக்காகச் சொல்லியிருப்பனுங்க... அதுல நீங்க ஆருன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்."